வழிக்காத டின்

அரிசியைப் பால் டின்னில் அளப்பவர்கள், டின் நிறைந்ததும் அதன் வாயை ஒரு கோலால் வழித்துவிடுவார்கள். மேலே குவிந்து நிற்பது திரும்ப மூட்டைக்குள்ளேயே விழும். அது ஏமாற்று இல்லை. ரந்தாவ் டவுன் கடைகளிலும் அப்படித்தான், ரெம்பாவில் ரோட்டோரம் விற்பவர்களும் அப்படித்தான். எங்கள் தோட்டத்துக் கடைக்காரம்மா மட்டும் வழிக்கமாட்டார். கோபுரமாகக் குவிந்த டின்னை அப்படியே பையில் கவிழ்ப்பார். நாம் பையின் வாயைச் சுருட்டுவதற்குள் இடது கையால் இன்னொரு பிடி அள்ளிப் போடுவார்.

"எடது கையால குடுக்கிறியேக்கா" என்று யாராவது சொன்னால், "வலது கை கடைக்காரியோட கை. இது என்னோட கை" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதனால் இங்கே எழுதப்போவதில்லை. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். உறவு எதுவும் கிடையாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீடு.

கொசுறு என்பது அவருக்குக் கடையோடு வந்த பழக்கம் இல்லை. கடை வருவதற்கு வெகு முன்பே, கித்தா என்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நாளிலேயே, எதைச் செய்தாலும் அதற்கு மேல் ஒன்று செய்வார். நானும் என் தோழியும் ஒருமுறை அவருடைய மிளகாய்ப் பாத்தியை மிதித்துவிட்டோம். ஆளுக்கு முதுகில் ஓர் அடி. அழுதுகொண்டே ஓடினோம். பின்னாலேயே வந்து இன்னொன்று வைத்துவிட்டு, "இது கொசுறு" என்றார். கதை சொன்னால் ராசா ராணி செத்துப் புல் முளைத்த பிறகும் "அப்பறம் என்னாச்சுன்னா" என்று ஒரு வால் இருக்கும். போய்வா என்று வழியனுப்பிவிட்டு, நாம் கொஞ்ச தூரம் நடந்ததும் "ஏ பாப்பா" என்று கூப்பிடுவார். திரும்பிப் பார்த்தால், "மழ வரும்போல இருக்கு" என்பார். அவ்வளவுதான் விஷயம். மழை வருவது எங்களுக்கும் தெரியும்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் லயத்தில் ஒருவர் இறந்தபோது எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டோம். அத்தை ஒரு பிடி போட்டார். நகராமல் நின்று இன்னொரு பிடி போட்டார். பெண்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாவது பிடி இன்னொரு ஆளைக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அத்தை அவர்களைத் திரும்பிப் பார்த்து, "இனிமே எங்கேயும் கேக்கமாட்டான். அவன்கிட்டப் போய் என்ன கணக்கு?" என்றார். அன்று எனக்கே அவர் மேல் கொஞ்சம் பயம் வந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் முதலாவதாக வந்ததால் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போன ஒரே பெண் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அப்போதும் கூச்சம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

அது மலாயாவின் எமர்ஜென்சி காலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட வருஷங்கள். மேட்டு லயங்களையெல்லாம் பிரித்து எங்களைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியார் வீட்டுப் பக்கம் இறக்கிக் குடிவைத்துச் சுற்றிலும் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதுதான் எல்லாச் சட்டத்துக்கும் மூலம். அரிசிக்குக் கார்டு. டின் சாமான் வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், எடுத்து வைக்க முடியாதபடி. பால் வெட்டப் போகிறவர்கள் சமைத்த சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் நின்று வாளியைத் தட்டிப் பார்ப்பார்கள், தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார்கள். என் புத்தகப் பையையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையில் கத்தி இருந்தால் மரத்துக்குக் காயம் படும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாவது முறை, வேலைக்கு ஆள் கூப்பிடும் விடிகாலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. பெரட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? புருஷனை யுத்த காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். திரும்பவில்லை. அத்தைக்கு வேலிக்கு வெளியே தெரிந்தவர்கள் ஒருவரும் கிடையாது.

அந்த மாதம்தான் சிரம்பானிலிருந்து ஒரு துரை வந்தார். வேலிக்குள் குடிவந்தவர்கள் சின்னத் தொழில் தொடங்க அரசாங்கம் பணம் கொடுக்கப்போகிறது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, எங்கள் கிராணியார் தமிழில் சொன்னார்.

"இது கடன் இல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. மானியம்."

கூட்டம் நம்பவில்லை. கங்காணி முன்பணத்தையும் கள்ளுக்கடைப் பற்றையும் தவிர வேறு பணம் தெரியாதவர்கள் நாங்கள். மேஸ்திரி என்று எல்லாரும் கேலியாகக் கூப்பிடும் ஒரு பால்வெட்டுக்காரர் பின்னாலிருந்து, "சும்மா குடுக்கிற வெள்ளக்காரனா? அப்ப கள்ளுக்கும் ஒரு மானியம் கேளுங்கலா கிராணியாரே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துரையும் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்.

கிராணியார் நிபந்தனைகளைச் சொன்னார். வேலிக்குள் ஒரே கடை. கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் அரிசி. கார்டில் உள்ளதற்கு மேல் ஒரு மணிகூடப் போகக் கூடாது. மாதா மாதம் மூட்டையை நிறுத்துப் பார்ப்பார்கள்.

அத்தை கை தூக்கினார். "கடைக்குப் பின்னால படுத்துக்கலாமா?"

துரையிடம் கேட்டு, படுத்துக்கொள்ளலாம் என்றார் கிராணியார்.

"அப்ப எனக்குக் குடுங்க."

கங்காணிக்குத் தன் மருமகனுக்கு அதை வாங்கிக்கொடுக்க ஆசை. ஆனால் துரைக்கு, தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதுதான் பிடித்திருந்தது. தகரக் கூரையும் பலகைச் சுவரும் எழுந்ததும் அவரைக் கடைமுன் நிற்கவைத்துப் படம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தோட்டத்து ஆபீசில் மாட்டப்பட்டது. அத்தை அதில் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பார்.

மானியத்தில் வந்த சாமான்களில் முத்திரை குத்திய ஒரு தகர டின்னும் முழ நீளத்தில் வழுவழுவென்று இழைத்த ஒரு மரக்கோலும் இருந்தன. அளப்பதற்கு டின், வழிப்பதற்குக் கோல். அத்தை கோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடையின் முன்தட்டியைத் தூக்கி அந்தக் கோலை அதற்கு முட்டுக் கொடுத்தார். வெளிச்சம் உள்ளே வந்தது. அன்றிலிருந்து அந்தக் கோல் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"என்னா டவுக்கே, யாவாரம் எப்பிடி?" என்று ஆண்கள் கேலி செய்வார்கள். டவுக்கே என்றால் முதலாளி. "முதலாளின்னு கூப்பிட்டா முன்னூறு காசு கூடுதல்" என்பார் அத்தை. ஆனால் பையில் விழுவது அரிசியில் ஒரு பிடி, பருப்பில் ஒரு பிடி, எண்ணெயில் நாலு சொட்டு.

காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது என்னை நிறுத்துவார். பள்ளிக்கூடத்துக்கு நான் சாப்பாடு கொண்டுபோக முடியாது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது நான் குழாயடியில் நின்று தண்ணீர் குடிப்பேன். அது அத்தைக்குத் தெரியும். ஒரு கை அவலில் சீனி போட்டுப் பிசைந்து வாயில் திணிப்பார். நான் மென்று முடிக்கும் வரை விடமாட்டார்.

"சீக்கிரம் அத்த, பஸ்ஸு போயிரும்."

"முழுங்கு. வயித்துக்குள்ள இருக்கிறத எந்த மாத்தாவும் கவுத்துப் பாக்கமாட்டான்."

போலீஸ்காரனை அவர் மாத்தா என்றுதான் சொல்வார். கேட்டில் நின்ற பையன்கள் என் பையைக் கவிழ்க்கும்போது என் வாயோரம் ஒட்டியிருக்கும் சீனியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று நான் ஒரே ஒருமுறை கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் முறத்தில் அரிசி கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"சப்பான்காரன் காலத்துல கூப்பன் கடையில மரவள்ளி மாவு போட்டாங்க. அளக்குறவன் கோல வச்சு வழிச்சான். ஒருக்கா வழிச்சது பத்தாதுன்னு ரெண்டாவது வாட்டியும் வழிச்சான். எம் மவ எங்கையப் புடிச்சிக்கிட்டு நின்னா. கோலு போற பக்கமெல்லாம் அவ கண்ணும் போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா அப்பறம். கல்லப் பொறுக்கு."

எல்லாக் கதைக்கும் ஒரு வால் வைத்திருந்தவர் அந்தக் கதைக்கு மட்டும் வைக்கவில்லை. அந்தப் பெண் கால் வீங்கிச் செத்தது என்று பிறகு அம்மா சொன்னாள். அத்தைக்குப் பெண் இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மாதக் கடைசியில் கிராணியார் மூட்டையை நிறுத்துப் பார்ப்பார். நல்ல மனிதர். சத்தம் போடாதவர். முதல் மாதம் அரிசி குறைந்தது. "எலி" என்று அவரே சொல்லிக்கொண்டார். அடுத்த மாதமும் குறைந்தது.

"எலி பெருசாயிருச்சா யம்மா?"

"கொஞ்சம் பெருசுதான்."

"யம்மா, வெளையாட்டு இல்ல இது. இது ஒங்க மூட்ட இல்ல. கவர்மெண்டு மூட்ட. மானியம் குடுத்தவன் ஒரு நாளைக்கு வந்து கேப்பான்."

"கேக்கட்டும். கட குடுத்தான், டின்னு குடுத்தான், மூட்ட குடுத்தான். கை குடுக்கலயே."

கிராணியார் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆனால் அத்தை யோசிக்காதவர் இல்லை. கடை போனால் படுக்க இடம் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதத்திலிருந்து தன் கார்டு அரிசியை வாங்கித் திரும்ப மூட்டையிலேயே கொட்டினார். ஒரு சாயங்காலம் அம்மா என்னிடம் குழம்பு கொடுத்தனுப்பினாள். கடைக்குப் பின்னால் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கும் ஏதோ கீரையும் வெந்துகொண்டிருந்தன. மறுநாள் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏக்கா, ஒங்க அரிசி எங்க?"

"ஒம் பையில பாதி, அடுத்தவ பையில பாதி."

"இப்பிடிப் போட்டுத்தான் ஆகணுமா? நாங்க கேட்டமா?"

"கேட்டாப் போடுறது கொசுறா?"

கணக்கு ஒருவழியாகச் சரியாகி, எலி காணாமல் போனது. அத்தை மெலிந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. எங்களில் ஒருவரும் வேண்டாம் என்று பையை மூடியதாக எனக்கு நினைவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அரிசி போதவில்லை. அப்பாவும் அம்மாவும் கஞ்சி குடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாட்கள் உண்டு. அந்த ஒரு பிடிதான் வாரக் கடைசியை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான்.

பிறகு ரேஷனைக் குறைத்தார்கள். காட்டுக்காரர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே உள்ளே இருக்கும் நாங்கள் அதிகம் சாப்பிடுகிறோம் என்று பொருளாம். எல்லாருக்கும் குறைந்தபோது அத்தையின் கார்டிலும் குறைந்தது. டின் குறைந்தது. பிடி குறையவில்லை. சொல்லப்போனால் அது பெரிதானது. நான் அவர் கையையே பார்ப்பேன். விரல்கள் முன்பைவிட அகலமாக விரிந்து அரிசிக்குள் இறங்கும்.

"அத்த, கணக்கு இடிக்கும்" என்றேன். நான் கணக்கில் கெட்டிக்காரி. பெருக்கிச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நல்லாப் படிக்கிற" என்றார். பிறகு நான் படியிறங்கியதும், "ஏ பாப்பா" என்று கூப்பிட்டார். திரும்பினேன். "நல்லாப் படி" என்றார்.

அந்த மாதம் நாலாம் நம்பர் ரப்பர்க் காட்டுக்குப் பின்னால் சிப்பாய்கள் காட்டுக்காரர்களின் ஒரு முகாமைக் கண்டுபிடித்தார்கள். ஆட்கள் தப்பிவிட்டார்கள். துணிப்பையில் கொஞ்சம் அரிசி இருந்ததாம். எங்கிருந்து போனதோ. சுற்றிலும் எத்தனையோ தோட்டங்கள், மலாய்க்காரர் காம்போங்குகள். ஆனால் முகாமுக்குப் பக்கத்து வேலி எங்களுடையது. மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் லோரியோடு வந்தார். முதல் வேலையாக அத்தையின் மூட்டையை நிறுத்தார். எலி திரும்ப வந்திருந்தது, இதுவரை இல்லாத அளவுக்கு.

எங்கள் எல்லாரையும் பெரட்டுத் திடலில் நிறுத்தினார்கள். அன்று பள்ளி விடுமுறை. நானும் அம்மாவோடு நின்றேன். அத்தை ஆபீஸ் படிக்கட்டின் கீழே நின்றார். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள். கிராணியார்தான் மொழிபெயர்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

குறைந்த அரிசி எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கிராணியார் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, குரலை மாற்றாமலே தன் வார்த்தையையும் சேர்த்தார். "கை நடுக்கத்துல சிந்திப்போச்சுன்னு சொல்லுங்க யம்மா. நான் பாத்துக்கிறேன். அத மட்டும் சொல்லுங்க."

அது நல்ல வழி. அத்தையின் கை எல்லாரும் பார்க்க நடுங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்றிருந்தால் கடை போயிருக்கும். ஆள் தப்பியிருப்பார்.

"சிந்தல" என்றார் அத்தை. "போட்டேன்."

"யம்மா."

"எல்லாருக்கும் போட்டேன். சொல்லுங்க தொரைகிட்ட. ஆளுக்கு ஒரு பிடி."

கிராணியார் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. வாங்கியவர்கள் முன்னால் வந்து வாங்கினேன் என்று சொன்னால், அரிசி காட்டுக்குப் போகவில்லை என்று எழுதிக்கொள்வேன் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார். கார்டுக்கு மேல் அரிசி வாங்கியதும் குற்றம்தான். அதற்கும் ஜெயில் உண்டு.

திடலில் ஒரு கால் அசையவில்லை.

நான் அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் போனேன். ஆங்கிலத்திலேயே பேசினேன். இவர் எல்லாருக்கும் கூடப் போடுவார், சார். எங்கள் வீட்டுக்கும் போட்டார். டின்னை வழிக்கவே மாட்டார். வழிக்கும் கோல் கடைத்தட்டிக்கு முட்டாக நிற்கிறது, வந்து பாருங்கள். ஒரு தப்பில்லாமல் பேசினேன். வெள்ளைக்காரரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்து, இந்தப் பெண்ணின் அப்பா யார் என்றார்.

அப்பா முன்னால் வந்தார். தலைத்துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். உன் வீட்டுக்கு அதிகமாக அரிசி கொடுத்தாளா என்று கிராணியார் கேட்டார்.

அப்பா எங்கள் பக்கம் பார்த்தார். என்னை, அம்மாவை, அம்மா இடுப்பில் இருந்த தம்பியை. பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லீங்க தொர. புள்ள வெவரம் தெரியாம பேசுது. அக்கா சரியாத்தான் அளப்பாங்க. ஒரு மணி கூடாது, ஒரு மணி கொறையாது. ரொம்ப நேர்மை."

அப்பா பொய் சொன்னது தன்னைக் காப்பாற்ற. ஆனால் கடைசி வார்த்தை அத்தைக்காக. இவர் ஒழுங்கானவர், விட்டுவிடுங்கள் என்று அவர் சிபாரிசு செய்தார். அவருக்குத் தெரிந்த நல்ல வார்த்தை அதுதான். வழி கிடைத்ததும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மண்டோர் சொன்னார், கறாரான பொம்பள. இன்னொரு வீட்டுக்காரி சொன்னாள், டின்ன வழிச்சுத்தான் போடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். கள்ளுக்கு மானியம் கேட்ட மேஸ்திரி, அன்று கேலி எதுவும் இல்லாமல், "அவங்க கையில கொசுறா? அரிசி மூட்டைக்குப் பூட்டு போட்ட மாதிரிலா அவங்க" என்றார். ஒவ்வொருவரும் அவரைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றையே சொன்னது. அரிசி இவர்களுக்குப் போகவில்லை. அப்படியானால் வேறெங்கோ போயிருக்கிறது.

அத்தை அதுவரை நிமிர்ந்துதான் நின்றார். மூட்டையை நிறுத்தபோதும், கையைப் பிடித்து இழுத்து வந்தபோதும் அவர் முகம் கலங்கவில்லை. இப்போது ஒவ்வொருவராகப் பார்த்தார். வாய் திறந்திருந்தது.

"நானா?" என்றார். "நானா வழிச்சேன்?"

அப்பா பக்கம் திரும்பினார்.

"தம்பி, நானா வழிச்சுப் போட்டேன்?"

அப்பா தலைத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அத்தை கிராணியாரிடம் திரும்பினார். "காட்டுக்குக் குடுத்தேன்னு வேணும்னா எழுதிக்கச் சொல்லுங்க. வழிச்சேன்னு எழுத வேணாம்."

கிராணியார் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் கிராணியார். இன்ஸ்பெக்டர் போகும் முன் என்னைக் காட்டி, இந்தப் பெண் நல்ல ஆங்கிலம் பேசுகிறாள் என்றார். என் ஆங்கிலத்துக்கு அன்று கிடைத்தது அது ஒன்றுதான். அதை நான் இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை.

லோரியில் ஏற்றினார்கள். கை நடுங்கியதால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு போலீஸ்காரப் பையன் தூக்கிவிட்டான். லோரி கேட்டைத் தாண்டி, கித்தா மரங்களுக்குள் திரும்பும் இடத்துக்கு வந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்து அவர் எதையாவது சொல்லுவார் என்று நான் நின்றேன். மழை வரும்போல இருக்கு என்றாவது. அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு கிராணியார் மூலம் தெரிந்தவை கொஞ்சம். சிரம்பானில் வைத்திருந்தார்கள். பிறகு தடுப்பு முகாம். பிறந்த இடத்துக்குக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குக் காகிதம் யார் கொடுத்தார்கள்? கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்களாம். அத்தை அந்தக் கரையைப் பார்த்ததே இல்லை. இருக்கிறாரா என்று தெரியாது. ஆபீஸ் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி இருந்தது.

இப்போது நான் சிரம்பான் ரஹாங்கில் குடியிருக்கிறேன், ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். வேலிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். அப்பாவிடம் அந்தக் காலையைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவரை நான் வெறுக்கவில்லை. அவர் ஜெயிலுக்குப் போயிருந்தால் என் படிப்பு அன்றோடு நின்றிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிவதால் அது இனிக்கிறது என்று இல்லை.

அடுத்த வாரமே கடையைத் திறந்தார்கள். மானியம் கங்காணி மருமகன் பெயருக்கு மாறியிருந்தது. அப்பாவோடு நான் பை எடுத்துக்கொண்டு போனேன். வரிசை நீளமாக இருந்தது. மருமகன் டின்னை மூட்டைக்குள் விட்டுக் குவித்து எடுத்தான். இடது கையால் எதையோ தேடினான். அங்கும் இங்கும் பார்த்தான். பிறகு தட்டிக்கு முட்டாக நின்ற கோல் கண்ணில் பட்டது. அதைப் பிடுங்கி வேட்டியில் துடைத்தான். தட்டி பாதி இறங்கிக் கடைக்குள் இருட்டியது. அந்த இருட்டில் கோல் டின்னின் மேல் போய்வரும் சத்தமும், அரிசி மூட்டைக்குள் திரும்ப விழும் சத்தமும் கேட்டன. அப்பாவின் பையில் அரிசி விழுந்தது.

அப்பா பையைச் சுருட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாயை விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"என்னாண்ணே, இன்னும் என்னா?" என்றான் மருமகன்.

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

பின்னால் மேஸ்திரி வந்தார். அவர் பையிலும் அரிசி விழுந்தது. அவரும் சுருட்டவில்லை.